காட்டுக்கு ஒரு பாத்தி, காசுக்கு ஒரு பாத்தி

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

இந்த ஆண்டு பண்ணைக்கு வந்தால் ஒரு மாற்றம் கண்ணில் படும். தேக்கு, மகோகனி, மலைவேம்பு, குமிழ், சவுக்கு எல்லாம் ரோட்டோரப் பாத்திகளில் இருக்கின்றன. மருது, இலுப்பை, புன்னை, நாவல், மாவிலங்கம், பாலை போன்றவை உள்ளே, கிணற்றடிப் பக்கம். பில்லும் தனித்தனி. “காடு வைக்கணும், ஒரு ஏக்கருக்குக் கலந்து கொடுங்க” என்று வருகிறவர்களுக்கு ரோட்டோரப் பாத்தியிலிருந்து இனி ஒரு கன்றும் கிடையாது. “பொண்ணு கல்யாணத்துக்குள்ள பணமாகணும்” என்று வருகிறவர்களைக் கிணற்றடிப் பக்கம் கூட்டிக்கொண்டு போகவும் மாட்டோம். ஏன் இப்படி என்று பலர் போனில் கேட்டீர்கள். ஆளுக்குக் கொஞ்சமாகச் சொன்னதை ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

மரம் வளர்ப்பது ஒரு வேலை, காடு வளர்ப்பது வேறு வேலை. இரண்டும் பச்சையாகத் தெரிவதால்தான் இவ்வளவு குழப்பமும். அரசுக் கணக்கிலும் இது பிரிவதில்லை. மூன்றில் ஒரு பங்கு நிலம் மரப்போர்வையில் இருக்க வேண்டும் என்பது 1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை. அந்த 33 சதவீதத்தைப் பிடிக்கத்தான் 2022இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கமும் தொடங்கியது. ஆனால் செயற்கைக்கோள் படத்தை வைத்து அளக்கும்போது, ஒரு ஹெக்டேருக்குக் குறையாத இடத்தில் 10 சதவீதம் மர நிழல் விழுந்தால் அது வனப்பரப்பு. என்ன மரம், யாருடைய நிலம் என்ற கேள்வி இல்லை. அந்தக் கணக்கில் பட்டுக்கோட்டைத் தென்னந்தோப்பும் காடு, கோடியக்கரையும் காடு. வரைபடத்துக்கு அது சரியாக இருக்கலாம். கன்று வாங்க வருகிறவருக்கு அந்தக் கணக்கு உதவாது.

நம் டெல்டாவில் காடு என்று கைகாட்ட இடமே குறைவு. கோடியக்கரை, முத்துப்பேட்டை அலையாத்திக் காடு, அப்புறம் ஆற்றுப் படுகையிலும் கோயில் நிலத்திலும் துண்டுதுண்டாகக் கொஞ்சம். காட்டின் பெயரைத் தாங்கிய பஞ்சாரண்யச் சிவத்தலங்கள் ஐந்தும் இங்கேதான் இருக்கின்றன. திருக்கருகாவூர் முல்லைவனம், அவளிவணல்லூர் பாதிரிவனம், அரித்துவாரமங்கலம் வன்னிவனம், ஆலங்குடி பூளைவனம், திருக்கொள்ளம்புதூர் வில்வவனம். விடியற்காலையில் கிளம்பி ஐந்தையும் ஒரே நாளில் தரிசித்துவிடலாம். வழியில் வனம் எதையும் பார்க்க முடியாது, வயல்தான். வயலாக்கியதைக் குறை சொல்லவில்லை, நாம் தின்னும் சோறு அங்கிருந்துதான் வருகிறது. மிச்சம் இருக்கிற கரையிலும் திடலிலுமாவது இந்த மண்ணுக்குரியதை வைக்கலாமே என்பதுதான் எங்கள் ஆசை.

கோடியக்கரைக்குப் போகிறவர்கள் மானைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல் பாலை மரத்தையும் கொஞ்சம் பாருங்கள். தடித்த சின்ன இலை, முறுக்கிய கிளை, கடற்காற்றில் பல காலம் நின்ற உடம்பு. அதன் அடியில் காரையும் சங்கஞ்செடியும், மேலே ஏதாவது ஒரு கொடி, மஞ்சள் பழத்துக்குப் பறவைகள். ஆள் குனிந்துதான் நுழைய முடியும். அங்கிருந்து கடற்கரையோரச் சவுக்குத் தோப்புக்கு வந்தால் வரிசைக்குள் சைக்கிளே ஓட்டலாம். தரையில் உதிர்ந்த சவுக்கு மிளாறு மெத்தைபோல் கிடக்கும், அதற்கு மேல் ஒன்றும் முளைத்திருக்காது. இந்தப் பாலை உங்களுக்கு அறிமுகமானதுதான். நம்மிடம் வாங்கும் ஒட்டுச் சப்போட்டாவுக்கு அடிச்செடி அதுதான். சப்போட்டா வேண்டும் என்பதற்காக இத்தனை நாள் பாலையின் தலையை வெட்டிக்கொண்டிருந்தோம், இனி கொஞ்சத்தை வெட்டாமல் வளர விடுகிறோம்.

இதற்காகச் சவுக்கை மட்டமாக நினைக்க வேண்டாம். மூன்று நான்கு வருடத்தில் வெட்டலாம். பந்தல்கால், சாரம், காகித ஆலை என்று எதற்காவது போய்விடும். மணல் பாங்கான நிலத்தில் தண்ணீர் இல்லாமல் தவிக்கிறவருக்கு அதைவிட நம்பகமான பயிர் சொல்ல எங்களுக்குத் தெரியாது. வேர் முடிச்சில் நைட்ரஜனையும் பிடித்து வைக்கும். அது ஒரு பயிர். கரும்பு, வாழை மாதிரி நட்டு, வெட்டி, விற்கலாம். தேக்கு விஷயத்தில் மட்டும் ஓர் எச்சரிக்கை. நம் நாட்டு மரம்தான், ஆனால் வடிகால் உள்ள மலைச்சரிவில் வளர்ந்து பழகியது. கல்லணைக் கால்வாய்க் கரையில் நன்றாக வந்திருக்கிறது என்பார்கள். கரை மேடு, அதனால் வருகிறது. ஐப்பசி கார்த்திகையில் முழங்கால் தண்ணீர் நிற்கும் களிமண் நிலத்தில் வைத்தால் பத்து வருடம் கழித்தும் பந்தல்கால் பருமனில்தான் நிற்கும். அப்படிப்பட்ட நிலத்துக்குத் தேக்கு கேட்டால் நாங்களே வேண்டாம் என்றுதான் சொல்வோம்.

டப்ளினில் வேலை பார்க்கும் நம் வாடிக்கையாளர் ஒருவர், “இங்கேயும் இதே சண்டைதான்” என்றார். அயர்லாந்து ஐரோப்பாவிலேயே மரம் குறைந்த நாடுகளில் ஒன்று. நூறு வருடத்துக்கு முன் 1 சதவீதத்தை ஒட்டி இருந்த காட்டை இன்று 11 சதவீதத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆனால் அதில் ஏறக்குறையப் பாதி சிட்கா ஸ்புரூஸ் என்ற ஒரே மரம், வட அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து வந்தது. முப்பத்தைந்து நாற்பது வருடம் வளர்த்து மொத்தமாக வெட்டி எடுக்கிறார்கள். மரத்தொழில் அதை நம்பித்தான் நடக்கிறது. லீட்ரிம் என்ற மாவட்டத்துக்காரர்களோ, எங்கள் வீட்டைச் சுற்றி இருட்டாக்கிவிட்டீர்கள் என்று எதிர்த்து நிற்கிறார்கள். ஓக், பிர்ச் போன்ற சொந்த மரங்களை நடுவதற்கு அங்கே இப்போது தனியாக மானியம் உண்டு. சதவீதம் பத்து மடங்கு ஏறிய பிறகும் ‘இது காடா?’ என்ற கேள்வி தீரவில்லை என்பதைக் கவனியுங்கள். நாம் அதை நடுவதற்கு முன்பே கேட்டுவிடலாம்.

2018 நவம்பர் 16 கஜா புயலை யாருக்கும் நினைவுபடுத்தத் தேவையில்லை. லட்சக்கணக்கில் தென்னை சாய்ந்தது. பக்கத்திலேயே பனை நின்றது. ஒரே வயதில் ஒரே மரமாக வைத்தால் லாபம் வரும்போதும் மொத்தமாக வரும், விழும்போதும் மொத்தமாக விழும். கன்று வாங்கும் முன் இந்தக் கணக்கையும் போட்டுப்பாருங்கள்.

இனி விலைக்கு வருகிறேன். உள்பாத்திக் கன்று விலை கூடத்தான் இருக்கும். சவுக்கைத் துண்டு வைத்து ஆயிரக்கணக்கில் ஒரே அளவில் எடுத்துவிடலாம். இலுப்பை அப்படி இல்லை. ஆனி ஆடியில் வௌவால் தின்று போட்ட கொட்டையைக் கோயில் மரத்தடியில் பொறுக்க வேண்டும். பிசுபிசுப்பைக் கழுவி, நிழலில் உலர்த்தி, உடனே பையில் ஊன்ற வேண்டும். மூட்டை கட்டிச் சில வாரம் போட்டுவிட்டால் எண்ணெய்க்குத்தான் ஆகும், முளைக்காது. புன்னைக்கு ஓட்டைத் தட்டி உடைத்துக் கொடுத்தால்தான் சீக்கிரம் முளை வரும். மருதங்காயை இரண்டு நாள் ஊறப்போட வேண்டும். இத்தனையும் செய்து ஒரு முழம் வளர்ந்த கன்றை வெள்ளக்காட்டில் வைத்தால் மூழ்கிவிடும் என்பதால் இரண்டு வருடம் பையில் வைத்து, ஆள் இடுப்பளவுக்கு வளர்த்துத் தருகிறோம். வாங்கிப்போய் மேடு கட்டி நடுங்கள்.

‘மியாவாக்கி காடு’ கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜப்பானியத் தாவர அறிஞர் அகிரா மியாவாக்கி நெருக்கி நடச் சொன்னது உண்மை. அதற்கு முன்னால் அந்தந்த மண்ணின் மரத்தைத் தேடிப்பிடித்து நடு என்றும் சொன்னார். பலர் நெருக்கி நடுவதை மட்டும் எடுத்துக்கொண்டு வெளிநாட்டு மரமான மகோகனியை நெருக்கி நட்டுவிட்டு போர்டு மாட்டிவிடுகிறார்கள். இன்னொன்று, ஏரி உள்வாயிலும் கோடியக்கரைப் பக்கத்துப் புல்வெளியிலும் நடுவதற்கு எந்தக் கன்றும் கேட்காதீர்கள். வெளிமானுக்கு வெட்டவெளிதான் வேண்டும். அங்கே மரம் வைப்பது புண்ணியக் கணக்கில் சேராது.

புரட்டாசி இரண்டாம் வாரத்திலிருந்து வண்டி விடுகிறோம். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, நீடாமங்கலம் பக்கம் நூறு கன்றுக்கு மேல் என்றால் வண்டி வாடகை இல்லை. உங்கள் ஊரில் பழைய இலுப்பையோ மருதோ இருந்தால் காய் உதிரும் முன் தகவல் சொல்லுங்கள். விதைக்குக் காசு வேண்டாம் என்பவர்களுக்குக் கன்றாகவே தருகிறோம். நட்டபின் கிழியாத பைகளை மட்டும் வண்டிக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் நாற்றுப்பண்ணை,
மன்னார்குடி