ஏழெட்டு நிமிட விவகாரம்

ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்காவில் கார் ஓட்டும் நம்மவர்களுக்கு யோசனைகள் சொல்லிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். போலீஸ் நிறுத்தினால் வண்டியை விட்டு இறங்காதீர்கள், கைகளை ஸ்டியரிங் மேல் வையுங்கள் என்பதெல்லாம் சரி. ஊரில் இறங்கிப் போய்ப் பேசுவதுதான் மரியாதை, இங்கே அதுவே அதிகாரியைப் பதறவைக்கும். ஆனால் சின்ன விதிமீறலுக்கு 20 நிமிடம் வரை நிறுத்தி வைக்கலாம் என்றும் ஒரு வரி வந்திருக்கிறது. அப்படி ஒரு கணக்கு சட்டத்தில் இல்லை. நான் ஒமாஹாவில் இருப்பவன். இதற்குப் பதில் சொன்ன வழக்கே எங்கள் நெப்ராஸ்காவில் கிளம்பியதுதான் என்பதால் எழுதுகிறேன்.

2012 மார்ச் மாதம், நள்ளிரவு தாண்டி 6 நிமிடம். டென்னிஸ் ராட்ரிகஸ் என்பவரின் கார் நெடுஞ்சாலையின் ஓரக்கோட்டைத் தாண்டிப் போய்த் திரும்பியது. இங்கே அது விதிமீறல். பள்ளத்துக்கு ஒதுங்கினேன் என்றார் அவர். அதிகாரி லைசென்ஸைச் சரிபார்த்தார், கூட வந்தவரை எங்கே போய் வருகிறீர்கள் என்று விசாரித்தார், எச்சரிக்கைச் சீட்டு எழுதினார், எல்லா ஆவணங்களையும் திருப்பிக் கொடுத்தார். அப்போது மணி 12:27 அல்லது 12:28. அப்புறம், போதைப்பொருள் தேடும் என் நாயைக் காரைச் சுற்றி நடத்திப் பார்க்கலாமா என்று கேட்டார். ராட்ரிகஸ் முடியாது என்றார். அதிகாரியோ இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி நிற்கச் சொன்னார். துணைக்கு இன்னொரு அதிகாரி வந்ததும் நாயை நடத்தினார். சீட்டு கொடுத்ததிலிருந்து நாய் மோப்பம் பிடித்துக் காட்டியது வரை ஏழெட்டு நிமிடம். பேச்சுக்குச் சொல்லவில்லை, தீர்ப்பிலேயே ஏழு அல்லது எட்டு நிமிடம் என்றுதான் இருக்கிறது. காரில் மெத்தாம்பெட்டமின் என்ற போதைப்பொருள் கிடைத்தது.

ஏழெட்டு நிமிடம் அற்பத் தாமதம், பெரிதுபடுத்த வேண்டாம் என்றன கீழ் நீதிமன்றங்கள். உச்ச நீதிமன்றம் 2015 ஏப்ரல் 21 அன்று 6-க்கு 3 என்ற கணக்கில் அதை மறுத்தது. தீர்ப்பை எழுதியவர் ரூத் பேடர் கின்ஸ்பர்க். எந்த விதிமீறலுக்காக நிறுத்தினார்களோ அந்த வேலைக்கு நியாயமாக எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவுதான் அதிகாரம். லைசென்ஸ், வண்டிப் பதிவு, காப்பீடு, பிடிவாரண்ட் ஏதும் நிலுவையில் உண்டா என்பதெல்லாம் அந்த வேலைக்குள் வரும். போதைப்பொருள் தேடும் நாய் வராது. நிமிடக் கணக்கே இங்கே பேச்சில்லை.

அதற்காக நாயே கூடாது என்று அர்த்தமில்லை. 2005-ல் முடிந்த கபாயஸ் வழக்கில், இல்லினாயில் ஓர் அதிகாரி சீட்டு எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் நாயோடு வந்து சுற்றினார். நேரம் நீளவில்லை என்பதால் செல்லும் என்றது அதே உச்ச நீதிமன்றம். காரைவிட்டு இறங்கச் சொன்னால் இறங்கித்தான் ஆகவேண்டும், 1977-லேயே தீர்ந்த விஷயம் அது.

நேரத்தை நீட்ட அவர்களுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, காரணம் சொல்லக்கூடிய நியாயமான சந்தேகம். வெறும் உள்ளுணர்வு போதாது. ஆனால் இந்தச் சொல் ரப்பர் மாதிரி இழுபடும். ராட்ரிகஸ் காரில் ஏர் ஃப்ரெஷ்னர் வாசனை தூக்கலாக இருந்தது என்பதும் அந்த அதிகாரி சொன்ன காரணங்களில் ஒன்று. காருக்குள் ஊதுபத்தி ஏற்றும் நம்மவர்கள் கவனிக்கவும்! இன்னொரு வழி, நாமே சம்மதிப்பது. உங்கள் கட்டுரை தொடாமல் விட்ட இடம் இதுதான். நான் மாட்டிக்கொண்டதும் இங்கேதான்.

சில வருடங்களுக்கு முன்பு டென்வரிலிருந்து குடும்பத்தோடு திரும்பும்போது, இண்டிகேட்டர் போடாமல் லேன் மாறினேன் என்று நிறுத்தினார்கள். எந்த ஊர்ப் போலீஸ் என்பது இங்கே தேவையில்லை. எச்சரிக்கையோடு லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்த அதிகாரி இரண்டடி நடந்தார், திரும்பி வந்தார், இன்னும் சில கேள்விகள் கேட்கலாமா என்றார் புன்னகையோடு. பெரியவர்களோ அதிகாரிகளோ எது கேட்டாலும் தலையாட்டி வளர்ந்தவன் நான். "ஓகே, சார்" என்றேன். டிக்கியைப் பார்க்கலாமா என்றார். அதற்கும் ஓகே. குக்கர், மாவு டப்பா, அம்மா அனுப்பிய பருப்புப் பொடி எல்லாம் சாலையோரத்தில் இறங்கின. பொடி என்ன பொடி என்று விளக்கவே கால்மணி நேரம் ஆனது. மொத்தம் முக்கால் மணி. பிறகு தெரிந்த வக்கீலிடம் புலம்பினேன். "நீங்கள் ஓகே சொன்னீர்கள், அத்தனையும் சட்டப்படிதான்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அந்த இரண்டடி நடைக்குப் பெயரே உண்டு என்று பிற்பாடு தெரிந்தது: கான்சாஸ் டூ-ஸ்டெப். பக்கத்து மாநிலமான கான்சாஸின் நெடுஞ்சாலைப் போலீஸ் இதை வழக்கமாக வைத்திருந்தது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 2023-ல் ஒரு ஃபெடரல் நீதிபதி தீர்ப்பளித்தார். அரசுத் தரப்பு மேல்முறையீட்டுக்குப் போனது.

மறுத்தால் சந்தேகம் வலுக்கும், ஆகவே ஒத்துழைத்துவிடுங்கள் என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அதிகாரியின் மனதில் வலுக்கலாம். ஆனால் மறுத்ததை மட்டும் வைத்துக்கொண்டு நியாயமான சந்தேகம் என்று நீதிமன்றத்தில் நிற்க முடியாது. சண்டை போடச் சொல்லவில்லை. சீட்டு கைக்கு வந்ததும் "நான் கிளம்பலாமா?" என்று பணிவாகக் கேட்கலாம், சோதனைக்குச் சம்மதமில்லை என்று அமைதியாகச் சொல்லலாம். மீறிச் சோதித்தால் தடுக்கக் கூடாது. ரோட்டில் வாதாடி ஜெயித்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. பேச வேண்டியதை நீதிமன்றத்தில் பேசிக்கொள்ளலாம்.

நீதிமன்றத்திலும் எல்லாம் சுலபம் என்று சொல்லமாட்டேன். ராட்ரிகஸ் வழக்கு உச்ச நீதிமன்றத்திலிருந்து திரும்பி வந்தபோது, சம்பவம் நடந்த காலத்தில் இந்தப் பகுதியில் இருந்த தீர்ப்புகளை நம்பித்தான் அதிகாரி நடந்துகொண்டார் என்று சொல்லி, மேல்முறையீட்டு நீதிமன்றம் ராட்ரிகஸின் தண்டனையை அப்படியே வைத்துவிட்டது. விதி அவர் பெயரில் இருக்கிறது, பலன் பின்னால் வந்தவர்களுக்கு.

அந்த 20 நிமிட வரிக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள். ஊரிலிருந்து புதிதாக வரும் பிள்ளைகள் அதை நம்பிக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இப்படிக்கு,
ஒமாஹா வாசகர்