உழாத நிலம் தரிசு அல்ல, ஐயா

எங்கள் பகுதி வருவாய்த்துறை, வேளாண்மைத்துறை அலுவலர்களுக்கு,

வணக்கம்.

மணலி புதுநகருக்கு அப்பால், நான் உழாமலே பயிர் செய்யும் என் 80 சென்ட் நிலம் உங்களுக்குத் தெரியும். புரட்டாசியில் வரப்பில் நின்றபடியே பார்த்துவிட்டு, எந்த நிலத்தில் என்ன பயிர் என்று பதியும் கிராமக் கணக்கான அடங்கலில் 'தரிசு' என்று எழுதிக்கொண்டு போனீர்கள். மண்ணை மூடிப் பரப்பிய வைக்கோல் மூடாக்குக்கு நடுவே, நட்டு மூன்று வாரமான கத்தரி நின்றது. இறங்கி வந்து குனிந்திருந்தால் தெரிந்திருக்கும். காலணியில் சேறு படும் என்பதும் உண்மைதான்.

அடங்கலில் பயிர் இல்லையென்றால் பயிர்க்கடன் இல்லை. மூன்று முறை மனுவோடு வந்தேன். மூன்று முறையும் "உழுத அடையாளமே இல்லையே" என்றீர்கள். உழவன் என்ற சொல்லிலேயே உழவு இருக்கிறதே என்று உங்களில் ஒருவர் சிரித்தார். நல்ல தமிழ்.

எனவே, கணக்கில் விவசாயியாக வருவதற்காக ஒரு காரியம் செய்தேன். மூன்று ஆண்டுகளாகக் கலப்பை படாத நிலத்தில் பாதிக்கு, சுழலும் கத்திகளால் மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டரை டிராக்டரில் பூட்டி ஓட்டச் சொன்னேன். டிராக்டர்காரர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்து, "பயிர் நிற்கிறதே, ஓட்டவா?" என்று இரண்டு முறை கேட்டார். ஓட்டுங்கள் என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். டிராக்டர் இருக்கையிலிருந்து பார்த்தவருக்குத் தெரிந்த பயிர் அது. ஒரு செடிகூட மிஞ்சாத அந்த 40 சென்ட்டைத்தான் அடுத்த முறை வந்தபோது 'சாகுபடி' என்று எழுதினீர்கள். கத்தரி நின்ற மறுபாதி இன்றும் தரிசு.

ஐப்பசி மழை வந்தது. பொடியாக்கிய மண் மழை அடித்து ஏடு கட்டி, காய்ந்ததும் ஓடுபோல இறுகியது. மேலே தண்ணீர் தேங்கி நின்றது. மறுபாதியில் மண்புழு துளைத்த வழியெல்லாம் நீர் இறங்கிவிட்டது. உழுத பக்கம் பத்தே நாளில் சாரணைக் களை பாய் விரித்தது. மண்ணுக்குள் உறங்கிய விதைகளுக்கு வெளிச்சம் காட்டி எழுப்பியது அந்தக் கத்திதான். கோரையின் கிழங்குச் சரம் அறுந்து ஒவ்வொரு கிழங்கும் தனியே முளைத்தது. அருகம்புல்லும் துண்டுக்கு ஒன்றாகத் தழைத்தது. மூன்று ஆண்டில் மண்ணில் சேர்ந்த மட்கிய சத்து, புரட்டியதும் காற்றுப்பட்டு வேகமாகச் சிதையும். நம் வெயிலில் கேட்கவே வேண்டாம்.

உழாவிட்டால் களையே வராது என்று நான் சொல்லவில்லை. முதல் ஆண்டு கோரை பிடுங்கியே என் விரல் புண்ணாயிற்று. பல்லாண்டுக் களைகள் உழாத நிலத்தில் பிடிவாதமாக நிற்கும். மூடாக்கு மெலிந்த இடத்தில் அவைதான் முதலில் தலைகாட்டும். களைக்கொல்லியை நம்பியே உழவை விட்டவர்கள் வெளிநாடுகளில் ஏராளம். நான் நம்பியது வைக்கோலையும் என் முதுகையும்தான்.

கேட்பது ஒன்றே: உழாமல் செய்வதையும் சாகுபடி என்று எழுதுங்கள்.

டெல்டாவில் சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு, நிற்கும் நெல்லுக்குள்ளேயே உளுந்தைத் தெளிக்கிறார்கள். யாரும் உழுவதில்லை. அதற்கு 'நெல் தரிசு உளுந்து' என்று துறையே பெயர் வைத்திருக்கிறது. பெயரில் தரிசு இருந்தும் அது பயிர். என் கத்தரிக்குப் பெயரில் தரிசு இல்லாததுதான் குறையோ? பஞ்சாபிலும் அரியானாவிலும் நெல் தாள் கிடக்கும் வயலில் உழாமலே கோதுமை விதைக்கும் இயந்திரத்துக்கு அரசு மானியம் தருகிறது. அங்கே உழாமல் இருக்க மானியம், இங்கே உழாததற்குத் தண்டனை.

எங்கள் வட சென்னையில் நிலத்துக்கு என்னென்னவோ நடந்திருக்கிறது. வயல்கள் கிடங்குகளாயின. கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்தது. அப்போதெல்லாம் ஏன் உழவில்லை என்று யாரையும் கேட்டதாக நினைவில்லை. ஒரு கத்தரித் தோட்டத்துக்கு மட்டும் இவ்வளவு கண்டிப்பு.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன். என் நிலத்தை மறு ஆய்வு செய்து, உழாத 40 சென்ட்டையும் சாகுபடி என்று அடங்கலில் திருத்தித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தை பிறப்பதற்குள் வந்தால் நல்லது. செடிகள் இடுப்பளவு வளர்ந்து காய்த்துக்கொண்டிருக்கின்றன. இம்முறை வரப்பில் நின்றாலே தெரியும்.

இப்படிக்கு,
உங்கள் கணக்கில் பாதி விவசாயி