ஜி.எஸ்.டி.யைக் குறைப்பேன் என்ற வேட்பாளருக்கு, ஒரு லேத் பட்டறையிலிருந்து

அன்புள்ள வேட்பாளர் அவர்களுக்கு,

வணக்கம்ங்க. போன வாரம் கோவை ஆவாரம்பாளையத்தில் எங்கள் சந்துக்கு ஓட்டுக் கேட்டு வந்திருந்தீர்கள். என் பட்டறை வாசலில் நின்று, லேத் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, "நான் ஜெயித்தால் ஜாப் ஒர்க்குக்கு (கம்பெனியின் பொருளில் கூலிக்குச் செய்யும் வேலைக்கு) ஜி.எஸ்.டி.யை 5 சதவீதமாகக் குறைப்பேன்" என்று சொன்னீர்கள். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். நானும் கும்பிட்டேன். அத்தனை பேர் முன்னால் மறுத்துப் பேச மனசு வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் கஷ்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நீங்கள் கொடுத்த வாக்கு சட்டமன்றத்தில் நிறைவேறக்கூடியது அல்ல. ஜி.எஸ்.டி. விகிதத்தை முடிவு செய்வது ஜி.எஸ்.டி. கவுன்சில். அங்கே மத்திய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. எந்த முடிவுக்கும் நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். கணக்குப் போட்டால் தமிழ்நாட்டின் எடை 2 சதவீதத்தை ஒட்டித்தான் வரும். அங்கே போய் உட்காருபவரும் நம் மாநில அமைச்சர்தான், எம்.எல்.ஏ. அல்ல. அந்த அமைச்சரை விடாமல் கேட்க வைப்பேன் என்று சொல்லுங்கள், நம்புகிறேன். நானே குறைப்பேன் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கேட்க வைக்க வேண்டிய விஷயம் நிறைய இருக்கிறது. 2019 அக்டோபரில் இன்ஜினியரிங் ஜாப் ஒர்க் வரி 18-லிருந்து 12 ஆனது. கொஞ்சம் மூச்சு விட்டோம். 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி, நாடு முழுக்க வரி குறைந்தது என்று டிவியில் சொல்லிக்கொண்டிருந்த அதே நாளில், எங்கள் ஜாப் ஒர்க் 12-லிருந்து மறுபடி 18-க்குப் போனது. 12 சதவீத அடுக்கையே எடுத்துவிட்டார்கள். அதில் இருந்த பல பொருட்கள் கீழே இறங்கின, நாங்கள் மேலே ஏறினோம். வெட் கிரைண்டரும் இப்படித்தான் ஆடியது. 2019-ல் 5 சதவீதத்துக்கு இறங்கி, 2022 ஜூலையில் 18-க்கு ஏறியது. மோட்டார் பம்புக்கும் அதே 2022 ஜூலையில்தான் 12 போய் 18 வந்தது. கிரைண்டரும் பம்பும் இந்த ஊருக்கு என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

"உங்கள் பில்லில் உள்ள வரியைக் கம்பெனிக்காரர் கிரெடிட் எடுத்து, தன் வரியில் கழித்துக்கொள்வாரே, உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்று பலரும் கேட்கிறார்கள். நீங்களும் கேட்கலாம். நஷ்டம் எங்கே வருகிறது என்று சொல்கிறேன். பம்பு கம்பெனியிலிருந்து காஸ்டிங், அதாவது வார்த்த இரும்புப் பாகம், வருகிறது. நாங்கள் லேத்தில் பிடித்துக் கடைந்து, துளை பெரிதாக்கி முடித்து டெலிவரி சலான் போட்டு அனுப்புகிறோம். பொருள் அவர்களுடையது, எங்களுடையது கூலி மட்டும். எங்கள் செலவு பையன்கள் சம்பளம், கரண்ட், வாடகை. சம்பளத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. கரண்டுக்கும் கிடையாது. ஆகவே கழித்துக்கொள்ள எங்களிடம் பெரிதாகக் கிரெடிட் இருக்காது. இன்செர்ட், கூலன்ட் ஆயில் வாங்கியதில் ஏதோ கொஞ்சம் வரும், அவ்வளவுதான்.

மாதம் 3 லட்சத்துக்குப் பில் போடும் பட்டறை என்று வைத்துக்கொள்ளுங்கள். 18 சதவீதம் என்றால் 54,000 ரூபாய் வரி. அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் 3பி என்ற ஜி.எஸ்.டி. கணக்கைப் போட்டுக் கட்டியாக வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. ஆனால் அந்தப் பில்லுக்குப் பணம் எப்போது வருகிறது? எனக்கு வேலை தரும் ஒரு இடத்தில் 90 நாள் என்று சொல்லி 120 நாளில் தருகிறார்கள். நான்கு மாத வரியை, இன்னும் கைக்கு வராத பணத்துக்கு, நான் என் கையிலிருந்து கட்டி வைத்திருக்கிறேன். 12 சதவீதமாக இருந்தபோது மாட்டிக்கொண்டிருந்ததைவிட இப்போது 72,000 ரூபாய் அதிகம். என் மாதிரி ஆளுக்கு அது இரண்டு ஆபரேட்டர்களின் சம்பளம். போன தீபாவளிக்குப் போனஸ் கொடுக்க வீட்டம்மாவின் வளையலை வைத்தேன். அதை இன்னும் திருப்பவில்லை.

எங்களை நசுக்குவது வரி விகிதத்தைவிடப் பாக்கிதான். இதில்தான் உங்களுக்கு வேலை இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, எங்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. புகார் கொடுக்க வசதியாக்கக் குழு இருக்கிறது, கோவையிலேயே ஒன்று உண்டு. அந்தக் குழுவை அமைப்பதும் நடத்துவதும் மாநில அரசு. 90 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பதும் சட்டம்.

அப்புறம் ஏன் போகவில்லை என்கிறீர்களா? புகார் கொடுத்த மறுநாள் காஸ்டிங் வண்டி பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடும். எங்கள் சந்தில் எல்லோருக்கும் இது தெரியும், யாரும் வெளியே பேசுவதில்லை. ஒரு தடவை பாக்கியைக் கொஞ்சம் அழுத்திக் கேட்டதற்கே எனக்கு ஒன்றரை மாதம் வேலை நின்றது. இரண்டு லேத்தும் துணி போர்த்திக் கிடந்தன. கீழே கிடந்த இரும்புச் சீவல் துருப்பிடித்து மண் நிறமானதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். அரசு மானியமோ, நிலமோ, மின்வரி விலக்கோ வாங்கும் எந்தக் கம்பெனியும், தன்னிடம் வேலை செய்யும் குறுந்தொழில்களுக்கு 45 நாளில் பணம் கொடுத்ததற்கான கணக்கைக் காட்டினால்தான் சலுகை என்று ஒரு விதி வேண்டும். 2024 ஜனவரியில் சென்னை முதலீட்டாளர் மாநாட்டில் 6.64 லட்சம் கோடிக்கு ஒப்பந்தம் போட்டார்கள். நல்லது, வரட்டும். வருகிறவர்களின் சலுகைக் கோப்பில் இந்த ஒரு பக்கத்தையும் சேர்த்தால் போதும். டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. எங்களில் யாரும் பெயர் கொடுத்துப் புகார் செய்யவும் வேண்டியதில்லை.

இன்னொன்று கரண்ட். 2022 செப்டம்பரில் எங்கள் 3பி மின் இணைப்புக்கு (இது தொழில்களுக்கான கட்டணப் பிரிவு, ஜி.எஸ்.டி. 3பி அல்ல) கிலோவாட்டுக்கு 35 ரூபாயாக இருந்த நிலைக்கட்டணம் 75 ஆனது. 112 கிலோவாட்டைத் தாண்டியவர்களுக்கு 550. மிஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டும். நான் சொன்னேனே அந்த ஒன்றரை மாதம், அப்போதும் கட்டினேன். காலையும் மாலையும் உச்ச நேரத்துக்கு 25 சதவீதம் கூடுதல் என்று வைத்தார்கள். பிறகு அது 15 ஆனது. 2023 செப்டம்பரில் ஒரு நாள் கடையடைப்புச் செய்யும் அளவுக்கும் போனோம். கட்டணத்தை நிர்ணயிப்பது ஒழுங்குமுறை ஆணையம், அரசு இல்லை என்பார்கள். சரி. ஆனால் 2003 மின்சாரச் சட்டத்தின் 65-ஆம் பிரிவு, அரசு மானியத் தொகையைக் கட்டினால் எந்தப் பிரிவினருக்கும் கட்டணத்தைக் குறைக்கலாம் என்கிறது. விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசமாகக் கிடைப்பது அப்படித்தான். தறி நண்பர்களுக்குக் கிடைப்பதைப் பறிக்கச் சொல்லவில்லை. 50 கிலோவாட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு நிலைக்கட்டணத்தை மட்டுமாவது பழைய 35-க்குக் கொண்டுவரக் கேளுங்கள். புதிதாக ஆரம்பிக்கும் குறுந்தொழிலுக்கு மூன்று வருடம் 20 சதவீத மின்மானியம் இருக்கிறது. இருபது வருடமாக ஓட்டிக்கொண்டிருப்பவனுக்கு ஒன்றும் இல்லை.

ஒரு விஷயத்தில் உங்களோடு எனக்கு ஒத்துவரவில்லை. "வரியைக் குறைத்தால் தொழில் தானாக வளரும்" என்றீர்கள். என் மகள் அரசுப் பள்ளியில் படித்து அரசுக் கல்லூரிக்குப் போனவள். என்னிடம் வேலை பார்க்கும் பையன் விரல் நசுங்கியபோது பெரியாஸ்பத்திரியில்தான் காப்பாற்றினார்கள். அதெல்லாம் வரியில் நடப்பது. வரி கட்ட எனக்கு மறுப்பில்லை. கைக்குக் காசு வந்த பிறகு கட்டுகிறேன் என்கிறேன், அவ்வளவுதான். வாங்காத பணத்துக்கு வரி வேண்டாம் என்பதையும் கவுன்சிலில் கேட்கச் சொல்லுங்கள். சின்னப் பட்டறைகளுக்கு விகிதக் குறைப்பைவிட அதுதான் பெரிய உதவி.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை பட்டறை திறந்திருக்கும். அன்றைக்கு லேத் ஓடாது, சத்தமில்லாமல் பேசலாம். மைக்கும் கூட்டமும் இல்லாமல் ஒருமுறை வாருங்கள். நான்கு மாதப் பாக்கிப் பில்லையும் கரண்ட் பில்லையும் எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆவாரம்பாளையத்திலிருந்து ஒரு லேத் பட்டறைக்காரன்