டொமைன் பெயரை விசாரணையின்றி முடக்கியது குறித்த புகார்

அனுப்புநர்:
உரிமையாளர், இணையவழிக் கருவாட்டு விற்பனையகம்,
பாம்பன், இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
டொமைன் பெயர்ப் பதிவு நிறுவனம்.

நாள்: ஏப்ரல் 29

பொருள்: வணிகச் சின்ன உரிமை கோரிய கடிதம் ஒன்றை மட்டும் வைத்து என் டொமைன் பெயரை (இணையதள முகவரியை) நிறுத்தியதையும், மே 4 அன்று பிறருக்கு மாற்றிவிடுவதாக எச்சரித்ததையும் திரும்பப் பெறக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். 'கொண்டல்' என்று தொடங்கி டாட் காம் என்று முடியும் டொமைன் பெயரை 2016-இல் தங்கள் நிறுவனத்தில் பதிவு செய்து, ஓர் ஆண்டுகூடத் தவறாமல் கட்டணம் செலுத்திப் புதுப்பித்து வருகிறேன். கடந்த ஏப்ரல் 17 காலை அந்தப் பெயரில் இருந்த எங்கள் விற்பனைத் தளம் திறக்கவில்லை. அதே பெயரில் இயங்கும் மின்னஞ்சலும் அத்துடன் நின்றுபோனது. தங்கள் நிறுவனம் காரணத்தைத் தெரிவித்து அறிவிப்பு அனுப்பியிருந்தது உண்மைதான். ஆனால் தாங்களே முடக்கிவிட்ட அந்த மின்னஞ்சல் முகவரிக்கே அதை அனுப்பியிருந்தீர்கள். ஆகவே மூன்று நாட்கள் சர்வர் பழுது என்று எண்ணிக் காத்திருந்து, 20-ஆம் தேதி தொலைபேசியில் நானாக அழைத்துக் கேட்ட பிறகே விவரம் அறிந்தேன்.

அந்த நாட்கள் எங்களுக்கு எப்படிப்பட்டவை என்பதையும் சொல்லவேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கரையில் நிற்கும். பச்சை மீன் வரத்துக் குறைந்து விலை ஏறும். வெளியூர்களில் இருந்து கருவாட்டுக்கு ஆர்டர்கள் குவியும். மாசி, பங்குனி வெயிலில் காயவைத்துக் கட்டிய நெத்திலியும் வாளையும் சீலாவும் இந்த இரண்டு மாதங்களை நம்பியே கிடங்கில் இருக்கின்றன. சென்ற ஆண்டு இதே நாட்களில் தளம் வழியாக 140 ஆர்டர்கள் வந்தன; இந்த ஆண்டு என் கைப்பேசி எண்ணை எழுதி வைத்திருந்த பழைய வாடிக்கையாளர்கள் 9 பேர் மட்டுமே கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.

தங்கள் உதவிப் பிரிவு ஊழியர் கூறியதன் சுருக்கம் இதுதான். மின்விசிறி தயாரிக்கும் நிறுவனம் ஒன்று 'கொண்டல்' என்ற சொல்லை 2019-இல் வணிகச் சின்னமாகப் பதிவு செய்துள்ளது. அதன் வழக்கறிஞர் தங்களுக்குக் கடிதம் எழுதியுள்ளார். நான் 14 நாட்களுக்குள் அவருடன் பேசி முடித்துக்கொள்ளாவிட்டால் பெயர் அந்த நிறுவனத்துக்கு மாற்றப்படும். கடிதத்தின் நகலைக் கேட்டபோது, அது தங்கள் நிறுவனத்தின் உள் ஆவணம் என்று சொல்லி அந்த ஊழியர் மறுத்துவிட்டார்.

கொண்டல் என்பது கிழக்கிலிருந்து வீசும் காற்று. வாடை, கச்சான், சோழகம் என்பவற்றைப் போல எங்கள் கடற்கரையில் படகில் ஏறும் எவரும் நாள்தோறும் புழங்கும் சொல். கூடையில் சுமந்து கருவாடு விற்ற என் தாயார், கடைக்கு ஒரு பெயர் வேண்டும் என்று நான் கேட்டபோது அந்தச் சொல்லைத் தந்தார். மின்விசிறிக்குக் காற்றின் பெயரை வைத்தவர்களையும் நான் குறை சொல்லவில்லை. அது நல்ல பெயர்தான். ஆனால் வணிகச் சின்னம் என்பது சரக்கின் வகையைச் சார்ந்த உரிமை. சின்னப் பதிவுக்காகச் சரக்குகளையும் சேவைகளையும் பிரித்துள்ள 45 வகுப்புகளில் மின்விசிறி 11-ஆம் வகுப்பிலும், கருவாடு 29-ஆம் வகுப்பிலும் வருகின்றன. மின்விசிறி வாங்க வந்தவர் ஏமாந்து அரைக்கிலோ நெத்திலி வாங்கிச் செல்வார் என்று அவர்களுடைய வழக்கறிஞரே நம்பமாட்டார். 29-ஆம் வகுப்பில் நான் இதுவரை பதிவு செய்யாதது என் தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். சிறு நிறுவனங்களுக்கு இணையவழி விண்ணப்பக் கட்டணம் 4,500 ரூபாய்தான் என்று தெரிந்தும் தள்ளிப்போட்டேன். எனினும் அவர்களின் பதிவுக்கு மூன்று ஆண்டுகள் முன்பிருந்தே நான் இப்பெயரில் விற்று வருகிறேன் என்பதற்குத் தங்கள் நிறுவனத்தின் ரசீதுகளே சான்று. டொமைன் பெயருக்கும் வணிகப் பெயரைப் போன்ற பாதுகாப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் சத்யம் இன்ஃபோவே வழக்கில் 2004-இலேயே கூறியிருக்கிறது.

என் முதன்மையான புகார் மின்விசிறி நிறுவனத்தின் மீது அன்று, தங்கள் மீது. டாட் காம் பெயர்களுக்கென, உலக அளவில் டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பு 1999-இல் ஏற்படுத்திய தகராறு தீர்வுக் கொள்கை, பதிவு செய்யும் ஒவ்வொருவரின் ஒப்பந்தத்திலும் சேர்ந்தே வருகிறது. அதன் 6-ஆம் பத்தி, இத்தகைய தகராறில் பதிவு நிறுவனம் எவ்வகையிலும் பங்கு கொள்ளாது என்கிறது. 3, 7-ஆம் பத்திகளின்படி, பதிவு செய்தவரின் எழுத்துபூர்வ அறிவுறுத்தலோ, நீதிமன்ற ஆணையோ, நடுவர் குழுவின் தீர்ப்போ வந்தால் பெயரை மாற்றலாம். அல்லது ஒப்பந்த விதியோ வேறு சட்டத் தேவையோ இருக்கவேண்டும். வழக்கறிஞரின் கடிதம் இவற்றுள் எதுவும் அன்று. இந்தக் கொள்கையின்படி நடுவர் குழுவிடம் முறையாக வழக்குத் தொடரப்பட்டிருந்தாலும், பதில் சொல்ல எனக்கு 20 நாட்கள் கிடைத்திருக்கும். அதுவரை பெயர் பூட்டப்பட்டிருக்கும், ஆனால் அந்தப் பூட்டு தளம் இயங்குவதைத் தடுக்கக் கூடாது என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. புகார்தாரர் தமக்கு அந்தச் சின்னத்தில் உரிமை உண்டு என்பதோடு, எனக்குப் பெயரில் நியாயமான உரிமை இல்லை என்பதையும், நான் தீய நோக்கத்துடன் அதைப் பதிவு செய்து பயன்படுத்துகிறேன் என்பதையும் சேர்த்தே மெய்ப்பிக்கவேண்டும். 2019-இல் பிறக்கப்போகும் சின்னத்தைக் குறிவைத்து 2016-இல் நான் எப்படித் தீய நோக்கம் கொண்டிருக்க முடியும்? உலக அறிவுசார் சொத்து அமைப்பிடம் ஒரு நடுவர் முன் இவ்வழக்கைக் கொண்டுசெல்ல அவர்களுக்கு 1,500 டாலர் செலவாகியிருக்கும். அந்தச் செலவையும் மெய்ப்பிக்கும் பொறுப்பையும் தாங்கள் அவர்களுக்கு மிச்சப்படுத்திக் கொடுத்திருக்கிறீர்கள்.

வங்கியின் பெயரைப் போலியாகக் காட்டிப் பணம் பறிக்கும் தளங்களை உடனே நிறுத்துவதை யாரும் எதிர்க்கமாட்டார்கள். கருவாட்டுக் கடை அந்த வகையைச் சேர்ந்ததன்று. இதற்கிடையே, ஏப்ரல் 22 அன்று என் சொந்த மின்னஞ்சலுக்குத் தங்கள் விற்பனைப் பிரிவு, 'கொண்டல்' என்ற அதே சொல்லை டாட் ஷாப் முடிவுடன் சலுகை விலையில் வாங்கிக்கொள்ளலாம் என்று விளம்பரம் அனுப்பியிருந்தது. அந்தச் சொல்லை நான் பயன்படுத்துவது உரிமை மீறல் என்றால் அதையே எனக்கு விற்பது எப்படி என்பதையும், இத்தனை நாளும் என் சொந்த மின்னஞ்சல் முகவரி தங்களிடம் இருந்தும் அறிவிப்பை ஏன் அதற்கு அனுப்பவில்லை என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

ஆகவே, பெயரையும் மின்னஞ்சலையும் உடனே இயங்கச் செய்து, மே 4 கெடுவை எழுத்துபூர்வமாக ரத்து செய்யவேண்டும். வழக்கறிஞரின் கடித நகலையும், எந்த ஒப்பந்த விதியின் கீழ் நிறுத்தினீர்கள் என்ற விளக்கத்தையும் அனுப்பவேண்டும். முடங்கிய நாட்களுக்கான இழப்பைப் பற்றித் தனியே கணக்குத் தருகிறேன். மே 2 மாலைக்குள் பதில் வராவிட்டால், பதிவு நிறுவனங்கள் ஒப்பந்தப்படி நடக்கின்றனவா என்று கண்காணிக்கும் ஐகானின் பிரிவுக்கும், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி இராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் இக்கடிதத்தின் நகலுடன் முறையீடு செய்வேன்.

2016 முதலான கட்டண ரசீதுகளும், ஏப்ரல் 22 விளம்பரத்தின் நகலும் இணைக்கப்பட்டுள்ளன. பதிலைத் தபாலிலோ என் சொந்த மின்னஞ்சலுக்கோ அனுப்பவும். முடக்கிய முகவரிக்கு மீண்டும் அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
பாம்பன்.