நான்காம் பக்கத்தில் பாட்டு இல்லை, உண்மைதான்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு சுற்றியது. மார்த்தாண்டம், தக்கலை, குளச்சல் எல்லாம் போய்விட்டு, கடைசியில் மஸ்கட்டில் இருக்கும் என் மச்சான் மூலம் எனக்கே வந்து சேர்ந்தது. நாகர்கோவில்காரர் டூப்ளிகேட் இசைத்தட்டு விற்கிறாராம், நாலாவது பக்கம் ஊமையாம். எந்த ஆல்பம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீங்களும் நானும் மழைக்காலம் முழுக்கக் காத்திருந்த, இரண்டு தட்டும் நான்கு பக்கமும் கொண்ட அதே இரட்டை எல்.பி.தான்.

ஊமைதான். பிறவியிலேயே ஊமை. அந்தப் பக்கத்தில் இசை பதிக்கவே இல்லை. ட்யூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பாருங்கள். மற்ற மூன்று பக்கமும் உழுத வயல் மாதிரி வரிவரியாக மின்னும். நான்காவதில் மேலே சுற்றும் ஃபேன் தெரியும். தயவுசெய்து அதில் ப்ளேயர் முள்ளை வைக்காதீர்கள். பிடித்துக்கொள்ள வரி இல்லாததால் நடுவை நோக்கி வழுக்கிக்கொண்டு போகும். குரல்பதிவில் கேட்கிற அந்தச் சர்ர் சத்தம் அதுதான். முள் கெட்டால் அதற்கும் நான்தான் பொறுப்பு என்பார்கள்.

ஆல்பம் மொத்தம் 57 நிமிடம். நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றும் 12 அங்குலத் தட்டில், ஒரு பக்கத்துக்கு 20, 22 நிமிடம் என்றால் நெருக்கடி இல்லாமல் அடங்கும். பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, கனமாக வந்தால் வரி அதிகம் வளையும், இடம் கேட்கும். 57 நிமிடத்தை இரண்டே பக்கத்தில் திணித்தால் வரிகளை நெருக்கி, சத்தத்தைக் குறைத்து வெட்ட வேண்டும். தூசியின் பொரிச்சல்தான் முன்னால் கேட்கும். சரி, நான்காகப் பிரிக்கலாமே என்றால், ஒன்றோடொன்று ஒட்டி ஓடும் பாட்டுகளை நடுவில் அறுக்க வேண்டும். கடைசிப் பாட்டு மட்டும் 19 நிமிடம். அதனால்தான் மூன்றே பக்கத்தில் முடித்து, நான்காவதை வெறுமையாக விட்டார்கள். பிரிட்டனின் யெஸ் என்ற ராக் குழு 1972-லேயே ஒரு பாட்டுக்கு முழுப் பக்கத்தைக் கொடுத்தது. ப்ராக்ரஸிவ் ராக் என்கிற இந்த வகை இசைக்கு அந்தப் பழக்கம் உண்டு.

90 நிமிடக் கேசட்டில் நான் பதிந்து கொடுத்த காலத்தில், பாட்டு முடியும் முன் டேப் தீர்ந்ததற்கு மணிமேடை வரை கேட்கிற மாதிரி சண்டை போட்டவர்கள் யார்? நீங்கள்தானே. அந்த என்னைப் போய் டூப்ளிகேட் என்றால்.

உறையின் பின்னால் ஏ, பி, சி என்று மூன்றே எழுத்துதான் இருக்கிறது. ஆனாலும் கையில் கொடுக்கும்போதே வாயால் சொல்லியிருக்க வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். இதையெல்லாம் பொறுமையாக விளக்குகிற தம்பி வளைகுடாவுக்குப் போய்விட்டான். நான் ஒற்றை ஆளாக பில் போட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் பக்கத்தைக் கேட்டீர்களா? ஏழு எண்ணிக்கையில் போகும் தாளத்தின் மேல் கிட்டார் அவசரமே இல்லாமல் ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு போகிறது. சுசீந்திரத்தில் தவில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதே ஏழு எண்ணிக்கையில் வரும் மிஸ்ர சாப்பு தாளம் புதிதா என்ன. சர்ச்சில் கீபோர்டு வாசிக்கும் நம் பையன்கள் இரண்டு பேர் அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் போடச் சொல்லி, நான் ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகும் எழுந்திருக்கவில்லை.

குரல்பதிவு வந்த அன்றே போன் செய்து "நாங்க நம்பல அண்ணாச்சி" என்று சொன்னவர்களுக்கு நன்றி. கொல்லங்கோட்டிலிருந்து பஸ் ஏறி வந்து, தட்டைத் திருப்பித் தராமல் இன்னொன்று வாங்கிப்போனவரை மறக்க மாட்டேன்.

அப்புறம், அடுத்த ஆர்டரிலிருந்து முழுப் பணமும் முன்கூட்டியே வாங்குகிறோம். பிரித்த தட்டு திரும்ப எடுக்கப்படாது. பிரிட்டனின் மாரில்லியன் ராக் குழுவுக்கு 2001-ல் 12,000-க்கும் மேற்பட்ட ரசிகர்கள் ஆல்பம் பதியும் முன்பே பணம் கட்டினார்கள். நம்மிடம் தட்டு அச்சாகியாவது இருக்கிறது.

சந்தேகம் உள்ளவர்கள் ஞாயிறு பூசை முடிந்து தட்டோடு வாருங்கள். கடையில் நல்ல முள் இருக்கிறது, மூன்று பக்கத்தையும் போட்டுக் காட்டுகிறேன்.

அன்புடன்,
உங்கள் ரெக்கார்டு கடைக்காரன்,
நாகர்கோவில்