அண்ணனின் வாய் வறளாமல் இருக்க

கிருஷ்ணகிரி

அன்புள்ள மாதேஷ்,

உன் கடிதம் வந்தது. பெரியண்ணனுக்கு நாக்குப் புற்றுநோய் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. அடுத்து சேலத்தில் கரண்ட் வைக்கும்போது, அதாவது கதிர்வீச்சு சிகிச்சையின்போது, நல்ல சதை கெடாமல் காக்க மருந்து உண்டா என்று கேட்டிருந்தாய்.

உண்டு. பெயர் அமிஃபோஸ்டின். அணுகுண்டுக்குப் பயந்த காலத்தில், போர்வீரர்களுக்காக அமெரிக்க ராணுவம் தேடிய மருந்து அது. வால்டர் ரீட் ஆய்வு நிலையத்தில் 4000-க்கும் மேற்பட்ட ரசாயனங்களைச் சோதித்ததில் தேறியது. கதிர்வீச்சுக்கு 15 முதல் 30 நிமிடம் முன்பு நரம்பில் ஏற்றுவார்கள். உடம்பில் உள்ள ஒரு நொதி பட்டால்தான் அது வேலை செய்யும். நல்ல திசுவில் அந்த நொதி அதிகம், கட்டியில் குறைவு. அதனால் மருந்தின் காவல் பெரும்பாலும் நல்ல பக்கத்துக்கே கிடைக்கிறது. இப்படி யோசித்துச் செய்தவர்களை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

தலை, கழுத்துப் புற்றுநோயில் உமிழ்நீர் வற்றுவதைக் குறைக்க 1999-இல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது. 2000-இல் வெளியான ஆய்வில், சிகிச்சையின்போது நடுத்தரமாகவோ கடுமையாகவோ வாய் வறண்டவர்கள் 78 சதவீதத்திலிருந்து 51 ஆகக் குறைந்தார்கள். ஆனால் வாந்தி வரும், பிரஷர் திடீரென இறங்கும். ஆறேழு வாரம், வாரத்தில் ஐந்து நாள் அந்த ஊசியைத் தாங்குவது லேசு இல்லை. கட்டியையும் சேர்த்துக் காத்துவிடுமோ என்ற கவலையும் டாக்டர்களுக்கு முழுசாகப் போகவில்லை.

அதனால் ஊசிதான் வேண்டும் என்று நீ பிடிவாதம் பிடிக்க வேண்டாம். காதுக்குக் கீழே இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பியில், ஒரு பக்கமாவது கதிர் அதிகம் படாமல் திட்டம் போட முடியுமா என்று டாக்டரிடம் கேள். கதிரின் அளவை இடத்துக்கு இடம் கூட்டிக் குறைக்கும் ஐஎம்ஆர்டி முறையில் அதற்கு வழி இருக்கிறது. அப்புறம், கரண்ட் தொடங்கும் முன்பே பல் டாக்டரிடம் காட்டிவிடு. பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறுவது கஷ்டம். ஹான்ஸ் புகையிலையை அவர் அடியோடு விட்டாக வேண்டும். அண்ணியிடமும் சொல்லி வை.

களி இல்லாமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது. உமிழ்நீர் வற்றினால் அந்தக் களியே தொண்டையில் நிற்கும். கொஞ்ச நாளைக்குக் கூழாகக் கரைத்து, புளிக்காத மோர் நிறைய ஊற்றிக் கொடுங்கள். வாய் புண்ணானால் காரமும் புளிப்பும் எரியும், ஊறுகாய் வேண்டாம்.

இங்கே எல்லோரும் நலம். சின்னவள் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். சேலத்தில் தேதி சொன்னதும் போன் பண்ணு. முதல் நாள் நானும் வருகிறேன்.

அன்புடன்,
முனிராஜ்