நினைவக மின்னழுத்தம்: 1.5 வோல்ட் எல்லோருக்குமான எண் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் கணினிப் பகுதியில், ராம் நினைவகத்தை ஓவர்கிளாக் செய்து, அதாவது நிர்ணயித்த வேகத்துக்கு மேல் இயக்கி, கணினியின் வேகத்தைக் கூட்டுவது பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். புரியும்படி எழுதப்பட்ட அந்தக் கட்டுரையில், டிடிஆர்4 தலைமுறை நினைவகத்துக்கு 1.5 வோல்ட் வரை, நினைவகத் தரங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரமே இடம் கொடுப்பதால், அந்த அளவை எத்தனை ஆண்டுகளுக்கும் அச்சமின்றி வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி வருகிறது. கணினிப் பழுது நீக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் அந்த வரியை அப்படியே விட்டுவிட எனக்கு மனமில்லை. படித்த கையோடு, கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் பயாஸைத் திறந்து எண்ணை மாற்றுகிறவர்கள் உண்டு என்பதை நான் அறிவேன்.

ஜெடெக் வகுத்த டிடிஆர்4 தரத்தில், கட்டுரையாளர் சொல்லும் 1.5 வோல்ட் இருப்பது உண்மை. ஆனால் அது இருக்குமிடம் வேறு. நினைவகம் இயங்க வேண்டிய மின்னழுத்தம் 1.2 வோல்ட் என்றும், அது 1.14 முதல் 1.26 வரை ஏறி இறங்கலாம் என்றும் அந்தத் தரம் சொல்கிறது. 1.5 என்ற எண், சிப் தாங்கக்கூடிய உச்ச அளவுகளைக் குறிக்கும் தனி அட்டவணையில் வருகிறது. அந்த அட்டவணைக்குக் கீழேயே, இந்த அளவுகளில் சிப் சரியாக இயங்கும் என்று பொருள் கொள்ளக்கூடாது என்றும், நீண்ட நேரம் இந்த நிலையில் வைத்திருந்தால் அதன் நம்பகத்தன்மை பாதிக்கப்படலாம் என்றும் குறிப்பு இருக்கிறது. கட்டுரையாளர் எந்த அட்டவணையைச் சான்றாகக் காட்டினாரோ, அதன் அடிக்குறிப்பே அவர் கூற்றை மறுக்கிறது.

அப்படியானால் 1.2 வோல்ட்டைத் தாண்டவே கூடாதா என்றால், அதுவும் சரியல்ல. தயாரிப்பாளர் குறித்த கூடுதல் வேகத்தை ஒரே தேர்வில் இயக்கும் எக்ஸ்எம்பி வசதியுடன் விற்கப்படும் டிடிஆர்4 நினைவகங்களில் மிகப் பெரும்பாலானவை 1.35 வோல்ட்டில் இயங்குமாறு தயாரிப்பாளராலேயே சோதிக்கப்பட்டு, அந்த எண் லேபிளிலும் அச்சிடப்பட்டு வருகின்றன. சாம்சங் நிறுவனத்தின் பி-டை எனப்படும் 8 ஜிகாபிட் சிப்களைக் கொண்டவை 1.45, 1.5 வோல்ட்டுகளிலும் அதற்கு மேலும்கூட உத்தரவாதத்துடன் விற்கப்பட்டன. அந்தச் சிப்பில் மின்னழுத்தத்தைக் கூட்டக் கூட்டத் தாமத அளவுகளை, அதாவது கேட்ட தரவைத் தர நினைவகம் எடுக்கும் நேரத்தை, குறைத்துக்கொண்டே போகலாம். வேறு சில சிப்களிலோ ஓரளவுக்கு மேல் மின்னழுத்தம் கூடினால் வேகம் கூடுவதில்லை, பிழைகள்தான் கூடுகின்றன. ஆகவே எல்லா நினைவகத்துக்கும் பொருந்தும் ஒற்றை எண்ணைத் தேடுவதைவிட, கையிலுள்ள நினைவகத்தில் எந்தச் சிப் இருக்கிறது, அதே சிப்பை அதன் தயாரிப்பாளர் எந்த மின்னழுத்தம் வரை உத்தரவாதத்துடன் விற்கிறார் என்று பார்ப்பதே நம்பத்தக்க அளவுகோல் என்பது என் கருத்து.

வெப்பத்தைக் கட்டுரை தொடவே இல்லை. ஒரே அதிர்வெண்ணில் இயங்கும்போது சிப் செலவிடும் மின்திறன், மின்னழுத்தத்தின் இருமடிப் பெருக்கத்தை ஒட்டி உயர்கிறது. 1.2 வோல்ட்டை 1.35 ஆக்கினால் ஏறத்தாழ 27 சதவீதமும், 1.5 ஆக்கினால் ஏறத்தாழ 56 சதவீதமும் கூடும். நினைவகத்தின் ஒவ்வொரு கலமும் ஒரு சிறு மின்தேக்கி; அதிலுள்ள மின்னூட்டம் கசிந்துகொண்டே இருப்பதால் டிடிஆர்4 சிப்பில் 64 மில்லி விநாடிக்குள் எல்லாக் கலங்களையும் ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வெப்பநிலை 85 டிகிரியைத் தாண்டினால் அந்த அவகாசத்தைப் பாதியாக்க வேண்டும் என்று தரமே சொல்வதிலிருந்து, வெப்பம் கசிவை எவ்வளவு விரைவுபடுத்துகிறது என்பதை உணரலாம். தாமத அளவுகளை இறுக்கி வைத்த பி-டை நினைவகங்கள் 50 டிகிரியை ஒட்டியே பிழை காட்டத் தொடங்குவதுண்டு. வெளிநாட்டு மதிப்பீட்டாளர்கள் பெரும்பாலும் குளிரூட்டப்பட்ட அறையில், பெட்டியில்லாத் திறந்த சோதனை மேடையில் எடுத்த முடிவுகளை, வெயில் 40 டிகிரியைத் தொடும் திருச்சியில், தூசி அடைத்த விசிறியுள்ள மூடிய பெட்டிக்கு அப்படியே பொருத்துவது முறையாகாது. மார்கழியில் தேர்ச்சி பெற்ற அமைப்பைச் சித்திரையில் மறுபடியும் சோதிக்க வேண்டும்.

இதையெல்லாம்விட நான் பெரிதாகக் கருதுவது வேறொன்று. ராம் பலகைக்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் இன்றைய கணினிகளில் நிரந்தரச் சேதம் பெரும்பாலும் பிராசசருக்குத்தான் நேர்கிறது. நினைவகத்தோடு தரவைப் பரிமாறும் நினைவகக் கட்டுப்பாட்டகம் முன்பு மதர்போர்டில் தனிச் சிப்பாக இருந்தது. ஏஎம்டி 2003-இல் அத்லான் 64 வழியாகவும், இன்டெல் 2008-இல் நேஹலம் வழியாகவும் அதைப் பிராசசருக்குள் கொண்டுவந்தன. டிடிஆர்2 காலத்தில் 1.8 வோல்ட் நினைவகத்துக்கு 2.2 வோல்ட் கொடுத்துப் பழகியவர்கள், நேஹலம் வந்ததும் 1.65 வோல்ட்டில் நிற்க வேண்டியதாயிற்று. அதைத் தாண்டினால் பிராசசர் நிரந்தரமாகக் கெடலாம் என்ற எச்சரிக்கை ஒட்டுத்தாளைச் சில மதர்போர்டுகளில் நினைவகம் செருகும் இடத்தின் மேலேயே ஒட்டி அனுப்பினார்கள். பிராசசரின் நுண்ணிய டிரான்சிஸ்டர்களிலுள்ள மின்காப்புப் படலம் மிக மெல்லியது. மின்னழுத்தமும் வெப்பமும் சேர்ந்தால் அந்தப் படலம் நாள்பட நலிகிறது. உலோக இணைப்புகளில் அணுக்கள் மெல்ல இடம்பெயர்கின்றன. இவை ஒரே நாளில் வெளியே தெரிவதில்லை.

இந்தத் தொடர்பு எவ்வளவு நேரடியானது என்பதை 2023 ஏப்ரல் மாதம் காட்டியது. ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில், குறிப்பாக 7800எக்ஸ்3டி போன்ற பிராசசர்கள், சாக்கெட்டோடு கருகிய படங்கள் வெளிவந்தன. எக்ஸ்எம்பி போன்றே ஏஎம்டி கொண்டுவந்த எக்ஸ்போ எனப்படும் நினைவக அமைப்பை இயக்கியவுடன், சில மதர்போர்டுகள், பிராசசருக்குள் நினைவகக் கட்டுப்பாட்டகம் உள்ள பகுதிக்குச் செல்லும் எஸ்ஓசி மின்னழுத்தத்தைப் பயனர் கேட்காமலேயே அளவுக்கு மீறி உயர்த்தியது அதற்கு ஒரு காரணமாகக் கண்டறியப்பட்டது. அந்த மின்னழுத்தத்தை 1.3 வோல்ட்டுக்கு மேல் போகாதபடி ஏஎம்டி கட்டுப்படுத்தியது. மதர்போர்டு நிறுவனங்கள் புதிய பயாஸ்களை வெளியிட்டன. பயனர் தொட்டது நினைவகத்தின் வேகத்தை, கருகியது பிராசசர்.

இதைக் கண்ணால் காண விரும்புகிறவர்கள், இன்டெல் 6 முதல் 10-ஆம் தலைமுறை வரையிலான கணினி ஒன்றில் எக்ஸ்எம்பியை இயக்கிவிட்டு பயாஸைத் திறந்து பார்க்கலாம். இன்டெல் பிராசசரில் நினைவகக் கட்டுப்பாட்டகம் உள்ள பகுதிக்கான சிஸ்டம் ஏஜென்ட் மின்னழுத்தத்துக்கு நேரே 'ஆட்டோ' என்ற சொல் முன்போலவே அசையாமல் நிற்கும். அளவீட்டுப் பக்கத்துக்குப் போனால், அடிப்படையில் 1.05 வோல்ட்டாக இருக்க வேண்டியது சில மதர்போர்டுகளில் 1.3-ஐத் தாண்டியிருக்கும். நினைவகம் எப்படியும் இயங்கிவிட வேண்டும் என்பதற்காக மதர்போர்டு தானாகவே எடுத்துக்கொள்ளும் தாராளம் இது. பெரும்பாலான பிராசசர்களுக்கு டிடிஆர்4-3600 என்ற நினைவக வேகத்தில் இவ்வளவு தேவைப்படுவதில்லை.

நீண்ட காலப் பயன்பாட்டுக்கு நான் பரிந்துரைக்கும் அளவுகளையும் சொல்லிவிடுகிறேன். டிடிஆர்4 எனில், நினைவகத்தின் மீது காற்றோட்டம் இருக்கும் நிலையில் 1.35 முதல் 1.45 வரை போதும், 1.5 என்பது அந்த அளவில் விற்கப்படும் சிப்களுக்கு மட்டும். அடுத்த தலைமுறையான டிடிஆர்5-இன் அடிப்படை 1.1 வோல்ட், ஜெடெக் உச்ச வரம்பு 1.4, பூட்டப்பட்ட நிலையில் அதன் பலகையிலுள்ள மின்சீராக்கிச் சிப் 1.435-க்கு மேல் விடுவதில்லை. ஆகவே 1.35-இல் நிற்பது நல்லது, 1.4 என்று லேபிளிலேயே அச்சிட்டு வருபவற்றை மட்டும் அந்த அளவில் இயக்கலாம். மேற்சொன்ன இன்டெல் பிராசசர்களில் சிஸ்டம் ஏஜென்ட்டை 1.25-க்குள்ளும், ரைசன் 7000 பொருந்தும் ஏஎம்5 மதர்போர்டுகளில் எஸ்ஓசியை 1.25-ஐ ஒட்டியும், பழைய ஏஎம்4-இல் 1.1-ஐ ஒட்டியும் கையாலேயே எழுதி வைக்க வேண்டும். ஏஎம்4-இல் 1.2-ஐத் தாண்டுவதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடிய அமைப்பு திடீரெனப் பிழை காட்டும்போது, மின்னழுத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டிச் சரிசெய்வது பலரின் வழக்கம். கட்டுப்பாட்டகம் நலியத் தொடங்கியதன் அடையாளமாக அது இருந்தால், கூட்டும் ஒவ்வொரு படியும் நலிவை விரைவுபடுத்தும். வேகத்தைக் குறைப்பதே அங்கே சரி. நினைவகப் பிழை எப்போதும் கணினியை நிறுத்திவிடும் நீலத்திரையாக வருவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கணக்குக் கோப்பிலோ குடும்பப் படத்திலோ ஓர் எண் மட்டும் மாறி, கோப்பு சேமிக்கப்பட்டுவிடும். மாறியது யாருக்கும் தெரியாது. டிடிஆர்5 சிப்பினுள் இருக்கும் பிழைதிருத்த வசதி சிப்புக்குள் நேரும் பிழையை மட்டுமே பார்க்கிறது. பிராசசருக்குப் போகும் வழியில் நேர்வதை அது காக்காது. எனவே மெம்டெஸ்ட்86 போன்ற சோதனையை இரவு முழுவதும் ஓடவிட்டு, ஒரு பிழைகூட இல்லாவிட்டால்தான் அமைப்பை ஏற்க வேண்டும்.

உத்தரவாதம் பற்றிக் கட்டுரை ஒன்றும் சொல்லவில்லை. எக்ஸ்எம்பி, எக்ஸ்போ இரண்டும் ஓவர்கிளாக்காகவே கருதப்படும் என்பதையும், அவற்றால் பிராசசரின் உத்தரவாதம் பாதிக்கப்படலாம் என்பதையும் இன்டெல், ஏஎம்டி இரு நிறுவனங்களும் தங்கள் குறிப்புகளில் எழுதியுள்ளன. நினைவகம் வாழ்நாள் உத்தரவாதத்துடன் வருகிறதே என்ற துணிவு, பிராசசரை மாற்றித் தராது.

அந்தக் கட்டுரையுடன் வந்த அட்டவணையில் நினைவக மின்னழுத்தம் மட்டும் ஒரு பத்தியாக இருந்தது. அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுவதாக இருந்தால், அதனருகே சிஸ்டம் ஏஜென்ட், எஸ்ஓசி ஆகியவற்றுக்கான பத்திகளையும் சேர்த்து, 1.5 வோல்ட் என்ற வரிக்குப் பதிலாக ஜெடெக் அட்டவணையின் அடிக்குறிப்பையும் தமிழில் அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கணினிப் பழுதுநீக்கும் வாசகர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.